புகை வந்தால் யார் தூக்குவது?

தெருவில் அவளை எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே நகலெடுக்கும் கடை, இரண்டாம் மாடியில் வீடு. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போன கணவர் நான்கு வருடமாக அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்தார். "இருபது மாடி ஏறினவன். இப்போ கட்டில்லேர்ந்து இறங்க ஆள் வேணும்" என்று வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வார்.

பின்பக்கக் காலி மனையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ராட்சத பேட்டரிகள் வரப்போகின்றன என்று முதலில் அவளிடம் சொன்னவர், ஆட்சேப மனுவை நகலெடுக்க வந்த வாத்தியார்.

"ஒவ்வொண்ணும் லாரி அளவு. எங்கேயோ தீப்பிடிச்சு ரெண்டு நாள் அணையலையாம். சுத்தி இருந்தவங்களை எல்லாம் வெளியேத்திட்டாங்களாம்."

அவள் இரண்டாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். அவரை எப்படி வெளியேற்றுவார்கள்?

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சார், என் வீட்டுக்காரரால நடக்க முடியாது. லிஃப்ட்டும் இல்ல. புகை வந்தா அவரை யார் சார் தூக்குவாங்க?"

அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "தீப்பிடிக்க வாய்ப்பே ரொம்பக் குறைவும்மா. இருந்தாலும் விலாசம் எழுதிக் குடுங்க. அவசரத் திட்டத்துல சேர்த்துடறோம்."

கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. அந்த அவசரத் திட்டமும் அவள் கடைக்கே நகலெடுக்க வந்தது. அறுபது பக்கத்தையும் இயந்திரத்தில் வைக்கும்போதே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் விலாசம் எதிலும் இல்லை. ஒரு வரிதான் இருந்தது: நடக்க இயலாதோர் உறவினர் உதவியுடன் வெளியேற வேண்டும்.

மறுநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு, கணவரைப் போர்வையில் கிடத்திப் படிக்கட்டில் இழுத்துப் பார்த்தாள். பாதி வழித் திருப்பத்தில் போர்வை கிழிந்தது. அவர் தோள் சுவரில் மோதியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை.

"விடு. அப்படி ஒண்ணு நடந்தா என்னை விட்டுட்டு நீ ஓடிடு" என்றார் அவர்.

"வாயை மூடுங்க!" என்று கத்தியவள், அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த நாலு பேர் அவரை மேலே தூக்கிப் போனார்கள்.

தரைத்தளத்தில் வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தாள். படுக்கை நோயாளி என்றதுமே வீட்டுக்காரர்கள் முகம் மாறியது.

கிரேன் வந்தது. வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக இறங்கின. இப்போது ஜன்னலைத் திறந்தால் இடைவிடாத ரீங்காரம். அவள் காய் வாங்கக்கூடத் தெருமுனையைத் தாண்டுவதில்லை. தங்கை மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

"ஒரு நாள்தானேக்கா, வந்துட்டுப் போயிடேன்" என்று தங்கை போனில் கெஞ்சினாள்.

"அந்த ஒரு நாள்ல தீ பிடிச்சுக்கிச்சுன்னா?" என்றாள் இவள்.