கொமாண்டோ ஆகப்போறவன் என்ன சாப்பிடுவான்?

எனக்கு ஒரு வியாதி. ஒரு விஷயம் தெரியலைன்னா மண்டை குடைஞ்சுக்கிட்டே இருக்கும். என் தம்பி யுவனேஸ்வரன் ஏழு வருஷமா மலேசிய ஆமியில சிப்பாயா இருக்கான். இந்த ஜனவரியில பன்னெண்டு நாள் லீவுல வந்தவன், "அக்கா, தைப்பூசம் முடிஞ்ச மறுவாரம் கொமாண்டோ பயிற்சிக்குப் போறேன்"ன்னான். நான் கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன சாப்பாடு?" செரண்டாவுல தொழிற்சாலை கேண்டீன்ல சமைக்கிறவ வேற என்னத்தக் கேப்பா?

அவனும் சளைக்காம சொன்னான். மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை வயித்துக்கு ஏதாவது போகணுமாம். ஓடுறதுக்கு மாவுச்சத்து, சதை தேறுறதுக்குப் புரதம். தண்ணி போதுமான்னு மூத்திரத்தோட நிறத்தைப் பாத்தே சொல்லிடலாமாம். அம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

எங்க வீடு கோலா சிலாங்கூர் பக்கம், எண்ணெய் எடுக்குற செம்பனைத் தோட்டத்துல. தம்பி வர்றான்னு நானும் லீவு போட்டு வந்திருந்தேன். அப்பா தவறினப்ப யுவனுக்குப் பத்து வயசு. அம்மா லெட்சுமி மரத்தடியில கொட்டுற உதிரிப்பழம் பொறுக்கித்தான் எங்களை ஆளாக்குனாங்க, இன்னமும் பொறுக்கப் போறாங்க. யுவன் சின்னதுல நோஞ்சான். பள்ளிக்கூட ஓட்டத்துல கடைசியா வந்துட்டு, "நான் பாதியில நிக்கலல்ல?"ன்னு கேக்குற ரகம். கொமாண்டோவுக்குப் போன வருஷமே போனான். மூட்டை தூக்கி ஓடுறதுல கால் ஓஞ்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. இதுதான் கடைசித் தடவைன்னு அவனே சொன்னான். இதுவும் போனா அவன் ஒடஞ்சு போயிருவான்னு எனக்குத் தெரியும்.

மறுநாள் விடியக்காலையில முதுகுல பதினஞ்சு கிலோ மணலோட பத்து கிலோமீட்டர் ஓடக் கிளம்பினான். ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிச்சாத்தான் தனக்கு நம்பிக்கை வரும்னான். நான் மோட்டார் சைக்கிள்ல பின்னாடியே போனேன். ஏழாவது கிலோமீட்டர்ல தள்ளாடி ஒரு செம்பனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டான். முடிக்கிறப்ப ஒரு மணி அம்பது நிமிஷம் ஆகியிருந்துச்சு.

"நேத்து என்னடா சாப்பிட்ட?"

"மத்தியானம் சோறும் சாம்பாரும்."

"ராத்திரி?"

"இல்லக்கா. விரதம்."

போன வருஷம் டெங்கி வந்து அவன் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, பத்துமலையில காவடி எடுப்பான்னு அம்மா வேண்டிக்கிட்டாங்களாம். நாப்பத்தெட்டு நாள் சைவம், ஒருவேளைச் சோறு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எனக்கு மட்டும் மூணு மணி நேரம்னு பாடம் எடுக்குற. ஒருவேளைச் சோத்துல மணல் மூட்டை தூக்குறியே, அறிவிருக்கா உனக்கு?"

"முருகன் பாத்துக்குவாரு லா" என்றான்.

அவனை இழுத்துக்கிட்டு நேரா அம்மாகிட்ட போனேன். "முருகன்கிட்ட நீங்க என்ன சொன்னீங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லுங்க."

அம்மா கையைத் தொடைச்சுக்கிட்டு, தம்பியோட ஒட்டின கன்னத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "காவடி எடுப்பான், கறி மீனுன்னு மச்சம் எதுவும் தொடமாட்டான்னு சொன்னேன். ஒருவேளைன்னு நான் சொல்லல. அது இவனா வச்சுக்கிட்டது. சைவமா எத்தனை வேளை வேணும்னாலும் சாப்பிடட்டும்."

"எல்லாரும் ஒருவேளைதானேம்மா இருக்காங்க?" என்றான் யுவன்.

"வேண்டுனது நானா, அவங்களா?"

அப்புறம் எனக்கு உக்கார நேரமில்ல. காலையில பச்சைப்பயறு கஞ்சி. ஓடி வந்ததும் தயிரும் ரெண்டு வாழைப்பழமும். மத்தியானம் சோத்தோட சோயாவைப் புளிக்கவச்சுச் செஞ்ச தெம்பே, மசாலா போட்டு, சாயங்காலம் கொண்டைக்கடலை, ராத்திரி சப்பாத்தியும் தாவ்வுங்கிற சோயாக்கட்டியும். எல்லாத்தையும் தராசுல நிறுத்து போன்ல குறிச்சு வச்சேன். அவரையிலயா சோயாவுலயா, எதுல புரதம் கூடன்னு யுவனைத் தூங்கவிடாம கேட்டேன். நாலாம் நாள் ஒரு மணி நாப்பத்திரண்டு. எட்டாம் நாள் ஒரு மணி முப்பத்தஞ்சு. கன்னத்துல சதை பிடிச்சுது.

லீவு முடியுற அன்னிக்கு ஒரு மணி இருபத்தேழு நிமிஷத்துல முடிச்சான். நான் ஹாரனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அம்மாகிட்ட சொல்ல வந்தேன். அம்மா குழாயடியில தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கை ஜில்லுன்னு இருந்துச்சு. பக்கத்து வீட்டு தாயம்மா அக்கா சீனித்தண்ணி கரைச்சுக்கிட்டு ஓடிவந்தாங்க.

"மத்தியானம் ஒருவேளை மட்டும் சாப்பிட்டுட்டு வேலைக்காட்டுல குனிஞ்சு பொறுக்குனா மயக்கம் வராம என்ன செய்யும்? நீ வந்த மறுநாள்லேருந்து இப்படித்தான் கிடக்குது. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு உனக்குத் தெரியலையா?"

எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. தம்பி தின்ன கடலையைக்கூட நிறுத்துப் பாத்தவ, அம்மா தட்டை ஒருநாள் எட்டிப் பாக்கல.

யுவன் மூட்டையோட வந்து நின்னான். விஷயம் தெரிஞ்சதும் அம்மா கால்கிட்ட உக்காந்துட்டான். "ஏம்மா?"

"ஒருவேளைன்னுதான்டா வேண்டியிருந்தேன்"ன்னாங்க அம்மா. "சொன்ன வாக்கை யாராச்சும் காப்பாத்தணும்ல. உன்னால ஆகாது, நீ ஓடணும். நான் இருந்துக்கிறேன்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன்."

"இனிமே விரதம் நான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க."

"எந்திரி. பிரேமலா, இவனுக்குக் கஞ்சி ஊத்து."

நான் ஊத்திக் கொடுத்தேன். அம்மா எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. அவன் அழுதுக்கிட்டே ஒரு பருக்கை விடாம சாப்பிட்டான்.