கதைக்கு மார்க் கிடையாது

மீனைக் கண்ணில் காட்டாமலே முள் எடுக்கக் கற்றுத்தருகிற தொழில் ஒன்று உண்டென்றால், அது அரியர் மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியத்தின் அடிப்படைக் கூறுகளை நடத்துவதுதான். டுடோரியல்களில் சாக்பீஸ் தூளைத் தின்று வாழும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததில்லை. மஸ்கட்டில் கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதியே பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ராயபுரம் திரும்பியவனுக்கு இந்த ஆசை வந்திருக்கக் கூடாது. வந்தது.

நேர்காணல்

திருவொற்றியூரில் ஒரு மளிகை மண்டி. கீழே பருப்பு மூட்டை, மாடியில் டுடோரியல். இரண்டுக்கும் முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரே. முதலில் ஒரு கதையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பேன், பிறகு கதைப்பின்னல், பாத்திரம், சூழல், மையக்கருத்து என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவேன் என்று அவரிடம் விளக்கினேன். மஸ்கட் வெயில் எனக்கு ரொம்பவும் பட்டுவிட்டது போலப் பார்த்தார்.

"கதைக்கு எங்க சார் மார்க் இருக்கு? கூறுக்குத்தானே மார்க்கு. பெறவு எதுக்குக் கதையைக் கட்டிக்கிட்டு அழணும்?"

ஒரே பதில்

எங்கள் டுடோரியலின் பெருமை, அண்ணாச்சி அச்சடித்துக் கொடுக்கும் நோட்ஸ். அதில் மையக்கருத்துக்கு ஒரே ஒரு பதில்தான். 'இப்படைப்பு மனிதனுக்கும் அவன் சூழலுக்கும் இடையிலான போராட்டத்தைச் சித்திரிக்கிறது' என்று ஆங்கிலத்தில் தொடங்கும். தலைப்புக்கும் ஆசிரியர் பெயருக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். கவிதையோ நாடகமோ, பெயரை நிரப்பிக்கொள்ள வேண்டியது. தினமும் வகுப்பு தொடங்கும்போது எல்லோரும் இதைக் கோரஸாக ஒப்பிப்பார்கள். கீழே மூட்டை இறக்குபவர்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும்.

பூனையைக் கிண்டல் செய்யும் ஒரு குட்டிப் பாட்டு பாடத்தில் உண்டு. அதற்கும் இந்தப் போராட்டம்தானா என்று கேட்டேன். கொடுங்கையூரிலிருந்து வரும் மோசஸ் என்னைத் தேற்றினான்.

"சிரிப்புப் பாட்டுன்னா 'போராட்டத்துக்கு' முன்னாடி 'நகைச்சுவையான'ன்னு ஒண்ணு சேத்துக்கினு போய்க்கினே இருக்கணும் சார்."

பனி

சூழல் என்றால் என்ன என்று புரியட்டும் என, அவரவர் ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொன்னேன். எண்ணூர்ச் சாம்பலைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தவர்கள், எல்லோர் தாளிலும் பனி பெய்தது. ஓக் மரம், தேவாலய மணி, கணப்படுப்பு. நோட்ஸில் 'சூழல்' என்ற தலைப்பின் கீழ் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். உங்கள் ஊர் எங்கே என்று கத்தினேன். மோசஸ் நிதானமாக எழுந்தான்.

"நம்ம ஏரியாவுல சூழல்லாம் ஏது சார், நாத்தம்தான் கீது."

ரேவதி

அந்தக் கோரஸில் வாயை மட்டும் அசைத்துவிட்டுச் சும்மா இருப்பவள் ரேவதி. வியாசர்பாடிக் குடியிருப்பிலிருந்து வருபவள். ஒரு கன்டெய்னர் யார்டில் ஒப்பந்த வேலை. டிகிரி இருந்தால்தான் நிரந்தரம், இல்லையென்றால் வெளியே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. பல்கலைக்கழகம் கொடுத்திருக்கும் கடைசி வாய்ப்பு. இதிலும் போனால் மொத்தப் படிப்பும் செல்லாது.

பாடத்தில் இருந்த ஒரு சிறுகதையை மின்சார ரயிலில் முழுசாகப் படித்துவிட்டு வந்தவள் அவள் மட்டும்தான். வேலையை விட்டு அனுப்பப்படும் ஒரு வீட்டு வேலைக்காரி, போகும் முன் வாசற்படியைக் கழுவிவிட்டுப் போகிறாள். இதற்கும் மையக்கருத்து அதே 'போராட்டம்' என்கிறது நோட்ஸ். "போராட்டமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார்," என்றாள் ரேவதி. "அவ போனப்பறம் 'வூட்ட கலீஜா வுட்டுட்டுப் போய்ட்டா'ன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. அதுக்குத்தான் கழுவுறா."

எனக்குப் புல்லரித்துவிட்டது. அவள் சொன்னதை ஆங்கிலமாக்கிக் கரும்பலகையில் எழுதினேன். வாசலில் நின்ற அண்ணாச்சியும் தலையாட்டிக் கேட்டார். பரீட்சையில் இதையே எழுது என்று ரேவதியிடம் சொன்னேன். நாற்பத்தெட்டு வயதுக்கு இன்னும் கொஞ்சம் அறிவு வந்திருக்கலாம்.

"திருத்துறவரு சுழிச்சிட்டாருன்னா, யார்டுல என் சீட்டுல நீங்க வந்து குந்துவீங்களா சார்?"

இனிப்பு

அந்தக் கதையே கேள்வியாக வந்தது. ரேவதி பாஸ், வேலையும் நிரந்தரமாகிவிட்டது. மைசூர்பாகு டப்பாவோடு அவள் மாடியேறி வந்த நேரம், புது பேட்ச் கோரஸ் பாடிக்கொண்டிருந்தது. பழைய போராட்டம் இல்லை. 'தன்மீது பழி வரக்கூடாது என்பதற்காகவே பாத்திரம் இவ்வாறு செய்கிறது' என்று ஆங்கிலத்தில் அலறிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையிலிருந்து சுட்டு, தலைப்புக்கும் பெயருக்கும் இடம் விட்டு, புது நோட்ஸில் ஏற்றிவிட்டிருந்தார் அண்ணாச்சி. அன்றைக்கு அதைப் பூனைப் பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"பழைய சரக்கு சலிச்சுப் போச்சுல்லா சார்," என்று அண்ணாச்சி ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்துக்கொண்டார். ரேவதி பெஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நானே பரிச்சைல எழுதாத லைன் சார் அது. நான் பழைய போராட்டத்ததான் எழுதினேன்."

எங்கள் டுடோரியலில் ஆங்கில இலக்கியம் பாஸானவர்கள் ஏராளம். படித்தவள் ஒருத்தி, அவளும் அதைப் பரீட்சையில் காட்டிக்கொள்ளவில்லை.