குடோன் வாசம்

கருமத்தம்பட்டியில் அப்பா விசைத்தறி ஓட்டினார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இளைப்பு முற்றிய பிறகு, தூசி படாத அறையில் படுக்க வைக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். மேனேஜர் வீட்டில் கழித்துப்போட்ட ஜன்னல் ஏசியைக் கேட்டு வாங்கி, டெம்போவில் ஏற்றிவந்து அப்பாவின் அறைச் சுவரில் பொருத்தினேன். வெளித்தூசி வரக்கூடாதென்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் கழிவு நூலைத் திணித்து அடைத்தார் அம்மா.

எதிர்வீட்டுக்காரர் பார்க்க வந்தார். "ஏனுங்கண்ணா, பஸ் ஏறாமயே ஊட்டிக்குப் போயிட்டீங்களாட்ட இருக்குது!"

"பையன் போட்டுக் குடுத்ததுங்க" என்று அப்பா சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது.

ஆடிச் சாரலில் அந்த அறையில் ஒரு வாடை கிளம்பியது. வேறு வீடாக இருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். எங்களுக்கு அது பழகின வாசம். நூல் அறாமலிருக்க, தறி ஓடும் குடோனில் தரையை நனைத்துவிடுவார்கள். ஈரப் பஞ்சு மக்கும் அந்த மணம் அப்பாவின் சட்டையோடு தினமும் வீட்டுக்கு வரும். "நம்ம குடோனாட்டவே மணக்குது கண்ணு" என்று அவர் சொன்னபோது அம்மாவுக்கும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. தறியை விட்ட ஏக்கம் கொஞ்சம் தணிகிறதென்று நினைத்தோம்.

இளைப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. மருந்தை மாற்றிப் பார்த்த டாக்டர், கடைசியில் ஏசியைத் திறந்து பார்க்கச் சொன்னார். முன் மூடியைக் கழற்றினேன். வலையிலும் அதற்குப் பின்னாலிருந்த தகடுகளிலும் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்தது.

"ஐயோ சாமி, கெட்டுப்போன ஊறுகாச் சாடியாட்டப் பூத்துக் கெடக்குதே! உங்கப்பா இதைத்தான் மோந்துட்டுக் கெடந்தாரா?" அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சோப்பும் பிளீச்சிங் பவுடரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டினேன். ஐப்பசி மழையில் திரும்பவும் பூத்தது. இனி ஓட்டவே கூடாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார் டாக்டர். நெஞ்சில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான் என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார்.

"கழட்டிப்போடறனுங்கப்பா."

"வேண்டாங் கண்ணு. ஓடாட்டிப் போகுது, அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"பூசணம் உள்ளயே இருக்குமுங்க."

"வீதில போறவங்கெல்லாம் அண்ணாந்து பாத்துட்டுப் போறாங்க. இப்ப எடுத்துப்போட்டா, தறிக்காரனுக்கு ஏசி கேக்குதாக்கும்னு சிரிப்பாங்க கண்ணு."

அவ்வளவு பேசியதற்கே வெகுநேரம் மூச்சு வாங்கியது. எந்திரத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டு, வெறும் கூட்டைச் சுவரில் விட்டு, உள்ளே தகரம் வைத்து அடைத்து, கழுவிய முன் மூடியை மாட்டினேன். வீதிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சித்திரை பிறக்குமுன் அப்பா போய்விட்டார். அதற்குச் சில நாள் முன்பு, பங்குனி வெயில் கொளுத்திய ஒரு மதியம், எதிர்வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்கண்ணா, சன்னல் தொறந்து கெடக்குது? ஏசி ஓடலீங்களா?"

"குளுரு தாங்கலீங்க. அதான் தொறந்து வெச்சிருக்குது."

அப்பாவின் பனியன் வேர்வையில் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. நான் விசிறியை எடுத்தேன். வந்தவர் போகட்டும் என்று அப்பா கண்ணால் சொன்னார்.