கேட்காத சொல்லுக்கு ஒரு கோடு

1. முதல் நாள்

சிக்னலராகத் தந்தி மேஜையில் உட்கார்ந்த முதல் நாள், காலைக் காப்பி நேரத்துக்குள் பதினான்கு தடவை பிரேக் கேட்டேன்.

பிரேக் என்றால் என்னவென்று இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சவுண்டர் என்ற கருவி கம்பியில் வரும் எழுத்துகளைக் கட் கட்டென்று தட்டும். அதைக் காதால் கேட்டுப் பென்சிலால் தந்திப் பாரத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு சொல் தவறிவிட்டால் நம் பக்கத்தில் எழுத்துகளை அடித்து அனுப்பும் கீயை அழுத்தி, அனுப்புகிறவனை நிறுத்தி, 'இந்த இடத்திலிருந்து திரும்ப அடி' என்று கேட்க வேண்டும். அதுதான் பிரேக். எல்லாம் வந்து சேர்ந்தால் 'ஆர்' என்ற ஓர் எழுத்தை அடிப்போம்.

மறுமுனையில் இருந்தவன் ஒரு பெரிய ஆபீஸ்காரன். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லை. புது ஆள் வந்திருக்கிறான் என்று முதல் தந்தியிலேயே தெரிந்துகொண்டான். உடனே வேகத்தைக் கூட்டினான். பிரேக் கேட்கக் கேட்க இன்னும் கூட்டினான். கடைசியில், "அங்கே மனிதர் யாராவது இருந்தால் கீயில் உட்காரச் சொல்" என்று அடித்தான். அது மட்டும் எனக்குத் தெளிவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டது. ஆபீஸில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எங்கள் தந்தி மாஸ்டர்கூடச் சிரித்தார்.

நான் அழவில்லை. ஆனால் பகல் சாப்பாடு இறங்கவில்லை.

எட்டு மாதத்தில் என் கை அவன் கையைவிட வேகமானது. ஒரு நாள் அவனே என்னிடம் பிரேக் கேட்டான். அன்று கோட்டையைப் பிடித்தவனைப் போல வீட்டுக்குப் போனேன்.

2. ஆறுமுகம்

மூன்றாம் வருஷம், எங்கள் லைனில் தாமிரபரணிக் கரையில் இருந்த ஒரு சின்ன ஆபீஸுக்கு ஒருவரைப் புதிதாகப் போட்டார்கள். ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் பெயர் ஆறுமுகம், நாங்குநேரிப் பக்கத்துச் சைவக் குடும்பம் என்று கேள்விப்பட்டேன். அதற்கு மேல் தெரியாது. ஒன்பது மைல் தூரத்தில் இருந்தாலும் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. அவர் கையை மட்டும் தெரியும். நிதானமான கை. ஒவ்வோர் எழுத்தையும் இறக்கி வைப்பதுபோல் அடிப்பார்.

நான் என்ன செய்தேன்? எனக்குச் செய்ததையே செய்தேன். அவர் பிரேக் கேட்டால் வேகத்தைக் கூட்டினேன். மறுபடி கேட்டால், "காதில் பஞ்சா?" என்று அடித்தேன். ஒரு தடவை, "மாடு மேய்க்க ஆள் தேடுகிறார்கள், போகிறீரா?" என்று அடித்தேன். என் பக்கத்து மேஜைக்காரர்கள் கூடி நின்று ரசிப்பார்கள். அதற்காகவே சில நாள் அடித்திருக்கிறேன்.

ஒரு மாதத்தில் அவர் பிரேக் கேட்பதை நிறுத்திவிட்டார். எதை அனுப்பினாலும் 'ஆர்' வந்தது. "பாத்தியா, தேறிட்டான்லா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த வாரத்தில் அவர் ஆபீஸ் பட்டுவாடா செய்த தந்திகளில் பெயர் தப்பாக இருக்கிறது என்று இரண்டு புகார் வந்தது. பிரேக் நின்றதையும் இந்தப் புகாரையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

3. ஐப்பசி மழை

அந்த ஐப்பசியில் மலையில் மூன்று நாளாக விடாத மழை. நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு, மேலே அணைக்கட்டில் இருந்த ஓவர்சியரிடமிருந்து ஓர் அவசரத் தந்தி எங்களுக்கு வந்தது. ஆறுமுகத்தின் ஊர்ப் போலீஸ் ஏட்டுக்கு அனுப்ப வேண்டியது. தந்தியெல்லாம் அப்போது இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அணைக்கட்டில் தண்ணீர் வேகமாக ஏறுகிறது. தோணியை உடனே நிறுத்தவும்."

அந்த ஊரில் பாலம் கிடையாது. ஆற்றைக் கடக்கத் தோணிதான்.

நான் கீயைப் பிடித்தேன். அவசரத் தந்தி என்றால் நிதானமாக அடித்து, எதிராளியைத் திரும்ப அடிக்கச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. கை பழக்கத்தில் ஓடிவிட்டது. நான் முடித்த கையோடு 'ஆர்' வந்தது. பாரத்தைக் கம்பியில் குத்தி வைத்தேன்.

இரண்டு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அந்த 'ஆர்' சீக்கிரமாக வந்துவிட்டது. அவர் வேகத்துக்கு அந்த நேரத்தில் எழுதி முடித்திருக்கவே முடியாது.

உடனே கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். சவுண்டர் அசையவில்லை. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்க வேண்டும்.

மாஸ்டரிடம் ஓடினேன். "சார், ஆத்தங்கரை லைன் செத்துப் போச்சு."

"தந்தி போயிட்டுல்லா? அவந்தான் ஆர் குடுத்துட்டாம்லா. பொறவு என்னவே?"

"அவருக்கு விளங்கியிருக்காது சார்."

"ஏன் விளங்காது?"

"நான் அடிச்ச வேகம் அப்படி." "இத்தன நாளும் அப்படித்தான் சார் அடிக்கேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை. தந்திச் சேவகருடைய சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதைக் காட்டினார். "நின்னு பேசிட்டிருக்காதேயும். போவே."

ஒன்பது மைல். வாய்க்கால் கரையோரமாகச் செம்மண் ரோடு, முழங்கால் வரை சேறு. பாதி தூரம் நான் சைக்கிளில் போனேன், மீதி தூரம் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பாளையங்கோட்டைக் கிறிஸ்தவக் கோயிலில் சொல்லிப் பழகிய ஒரு ஜெபம்கூட அன்று முழுசாக வாயில் வரவில்லை. தோணியில் யார் யார் ஏறியிருப்பார்கள் என்றே மனம் ஓடியது.

ஆற்றை நெருங்கும்போது பெரும் கூச்சல் கேட்டது. அழுகைச் சத்தம் என்று நினைத்தேன். சைக்கிளை அப்படியே போட்டுவிட்டேன். இன்னும் கொஞ்சம் கிட்டே போனபோதுதான் தெரிந்தது, அது சண்டை. ஆட்கள் உயிரோடு நின்று ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப்போல இனிமையான சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

தோணி கரையில் கட்டியிருந்தது. தோணிக்குள் ஒல்லியாக ஒருவர், மூக்குக்கண்ணாடியில் மழைநீர் வழிய, துடுப்பை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கல்யாணக் கூட்டம். அக்கரையில் மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏலே, நீ யாருலே எங்களத் தடுக்க? முகூர்த்தம் தவறுனா நீயா தாலி கட்டுவ?"

ஏட்டு ஈரமான ஒரு தந்திப் பாரத்தை ஆட்டிக் காட்டினார். "முழுசா வராத தந்திய நம்பி தோணிய நிறுத்தச் சொல்லுதீரே. நாளைக்கு மேலிடத்துல எவனாவது கேட்டா நான் என்னவே சொல்ல?"

"எம் பேரச் சொல்லுங்க ஏட்டையா," என்றார் தோணியில் இருந்தவர். "ஆறுமுகத்துக்குச் சரியாக் கேக்கலன்னு சொல்லுங்க. ஆனா தோணி போகாது."

ஏட்டு கையில் இருந்த பாரத்தைப் பார்த்தேன். 'அணைக்கட்டு' இருந்தது. 'தண்ணீர்' இருந்தது. 'தோணியை உடனே' என்பதும் இருந்தது. உடனே என்ன செய்ய வேண்டும் என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் நேராக ஒரு கோடு போட்டிருந்தார். அனுப்பு என்றும் இருக்கலாம், நிறுத்து என்றும் இருக்கலாம். ஊகித்து ஒன்றை எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

"தோணிய நிறுத்தச் சொல்லித்தான் தந்தி!" என்று கத்தினேன். "நான் தந்தி ஆபீஸ்ல இருந்து வருதேன்!"

கால் மணி நேரத்துக்குள் வெள்ளம் வந்தது. முதலில் நுரை, பிறகு ஒரு முழு மருத மரம் வேரோடு. மாப்பிள்ளையின் தகப்பனார் படித்துறை மேலே ஏறி, தன் ஆட்களைத் தலை எண்ணினார். இரண்டு தடவை எண்ணினார். பிறகு வண்டி பிடித்துத் திருநெல்வேலிப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

4. யார் அந்த ஆள்?

ஆறுமுகம் தன் ஆபீஸுக்குக் கூட்டிப் போய் எனக்குத் தலை துவட்டத் துவர்த்து கொடுத்தார். வழியில் கிடந்த சைக்கிளை நான் எடுத்ததைப் பார்த்து என்னைச் சேவகர் என்று நினைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அங்கன கீயில இருக்கது யாரு?"

"ஏன்?"

"அந்த ஆளு கையி மிசின் மாதிரி. ஆனா மனுசன் இல்ல. பிரேக் கேட்டா அசிங்கப்படுத்துதான். அந்தப் பயத்துலதான் அண்ணாச்சி இன்னைக்கும் கை தன்னால ஆர் அடிச்சிட்டு. அடிச்ச ஒடனே நெஞ்சு பதறிச்சு. திரும்பக் கேக்கலாம்னு கீயத் தொட்டா லைன் இல்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்ன ரெண்டு தந்தியில ஊகிச்சு எழுதிட்டேன். அதுல இருந்து தூக்கமே இல்ல. இன்னைக்கு வேல போனாலும் போகட்டும், ஊகிக்க மாட்டேன்னு கோடு போட்டுட்டேன்."

துவர்த்தால் முகத்தை மூடிக்கொண்டேன். சொல்லாமலே திரும்பிப் போயிருக்கலாம். முடியவில்லை.

"நாந்தான் அந்த ஆளு," என்றேன்.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒம்பது மைலும் இந்த மழையிலயா வந்திய?" என்று கேட்டார். பிறகு, "இருங்க, காப்பி போடுதேன்" என்று எழுந்து போனார். அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதையை நான் மறந்திருக்கவும் கூடும்.

மாஸ்டர் என்னை எழுத்தில் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வருஷச் சம்பள உயர்வு நின்றது. நியாயம்தான்.

வெள்ளம் வந்த நாலாம் நாள் லைன் சரியானது. முதல் தந்தியை நான் பைய, நிதானமாக அடித்தேன். ஐந்தாம் சொல்லில் சவுண்டர் நின்றது. ஆறுமுகம் பிரேக் கேட்டார். திரும்ப அடித்தேன். மூன்று சொல் தாண்டி மறுபடியும் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னவே, இளிச்சிட்டிருக்கீரு?" என்றார். எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு நானும் மாஸ்டரானேன். புது ஆட்கள் பலர் என் கீழே வேலைக்கு வந்தார்கள். அடிக்கடி பிரேக் கேட்கிற ஆளைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. முதல் வாரத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத ஆள் இருந்தால், அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். யாரோ அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.