முதலாளி வாங்கிய குட்டைப் பேரல்

ஒரு துப்பாக்கிப் பேரலைச் சோதிக்கப் போய் அண்ணன் வேலைக்கு நானே உலை வைத்துவிடுவேனோ என்று நாலு நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தேன். பேரலுக்கும் லோரி ஓட்டுகிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. மலாய் நாட்டில், குருணுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அண்ணன் அங்கே ரப்பர் பால் ஏற்றுகிற லோரி ஓட்டினார். நான் அவர் தங்கச்சி, தோட்டத்து ஃபேக்டரியில், லேபில் வேலை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி யாரும் பேசினால் எனக்குப் பிடிக்காது. அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர், நான், எல்லாரும் ஒரே வீடு. அது தோட்டத்து வீடு, லோரி டிரைவர் என்பதற்காக அண்ணன் பேரில் கொடுத்தது.

அண்ணன் இளவட்டமாக இருந்தபோது, ஐம்பதுகளில் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த அந்த அவசரகாலத்தில், தோட்டக் காவலுக்கு இருந்தவர். துப்பாக்கி பிடிக்க அங்கே கற்றுக்கொண்டது. பிறகு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பாக்கார் ஆராங் தாண்டி, வீடுகள் முடிகிற இடத்தில் ஒரு சுடும் கிளப் இருந்தது. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்த கையோடு அண்ணன் அங்கே போய்விடுவார். பங்குச்சாமி கூட ஒரு தடவை, "உங்க அண்ணன் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்க சுடுற ரேஞ்சு இருக்கான்னுதான் மொதல்ல கேப்பாரு" என்றார்.

அந்தக் கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. புதுத் துப்பாக்கியோ, புதுத் தோட்டாவோ, எது வந்தாலும் முதலில் அண்ணன் கையில் கொடுப்பார்கள். அவர் படுத்துச் சுடுவார். அட்டையில் ஓட்டைகள் நெருக்கமாக விழுந்தால் சரக்கு நல்ல சரக்கு. சிதறினால் மட்டமான சரக்கு. அதற்கு மேல் பேச்சே கிடையாது. யாராவது ஏதாவது வாயைத் திறந்தால், "அவரே சுட்டுட்டாரு, இன்னும் என்னலா?" என்று அடக்கிவிடுவார்கள்.

கிளப் தலைவர் சுங்கைப்பட்டாணியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். வாய் நிறையச் சிரிப்பு, நெற்றி நிறைய விபூதி. அவரிடம் ஒரு செமி ஆட்டோ ரைஃபிள் இருந்தது. சின்னத் தோட்டா போடுகிறது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்தித்தான் ஆக வேண்டும். அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், எங்கள் கிளப்பிலிருந்து அண்ணன்தான் போக வேண்டும் என்று முதலாளிக்கு ஒரே பிடிவாதம். அதற்காகவே போட்டிக்கென்று கடைந்த ஒரு பேரலை, குண்டு வெளிவருகிற குழலை மட்டும், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். பர்மிட்டுக்காக அவர் ஏறி இறங்கிய படிகள் அவருக்குத்தான் தெரியும்.

வந்ததைப் பார்த்தால் குட்டையாக இருந்தது. பழைய பேரலைவிட ஒரு சாண் குறைச்சல் என்று சொல்லலாம். ஆனால் சதை பிடித்தது, கையில் எடுத்தால் கனம். உள்ளே கண்ணாடி மாதிரி. "நீளமா இருந்தா அதிரும், குட்டையும் தடிப்புமா இருந்தா அசையாது" என்று முதலாளி எல்லாருக்கும் விளக்கம் சொன்னார். வீட்டில் சாமி முன்னால் வைத்து, வாய்ப் பக்கம் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் கொண்டுவந்தார். அண்ணன் தன் பங்குக்கு ஒரு சிலுவை போட்டுக்கொண்டு படுத்தார்.

சிதறியது. சும்மா சிதறவில்லை, கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது அட்டை.

முதலில் பழி சந்தனத்தின் மேல் விழுந்தது. பேரல் வாயில் துளி ஒட்டியிருந்தாலும் குண்டு கோணலாகப் போகும் என்று ஒருவர் ஆரம்பித்தார். முதலாளி முகம் சுண்டிப்போய், தன் வேட்டி நுனியாலேயே துடைத்தார். மறுபடியும் சிதறியது. அடுத்த ஞாயிறு, வெயிலில் தோட்டாவின் மெழுகு உருகுகிறது என்றார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்து வந்தார்கள், ஐயோ கடவுளே, மீன் மாதிரி. அதுவும் சரிப்படவில்லை. பழைய பேரலை மாட்டினால் அண்ணன் பழையபடி அழகாகச் சுடுகிறார். கதை முடிந்தது, பேரல்தான் கோளாறு என்று கிளப்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

முதலாளி மட்டும் என்னிடம் வந்தார். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் அங்கே உட்கார்ந்திருப்பேன். "தங்கச்சி, நீ லேபுல இருக்கிற ஆளு. நல்லா அளந்து பார்த்து அடுத்த ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாடியும் சொல்லு. கோளாறுன்னா திருப்பி அனுப்பிடறேன்" என்றார்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடி மிதவையைப் பாலில் விடுவோம். அது காட்டுவதை அப்படியே நம்ப மாட்டோம். அதே பாலில் கொஞ்சம் எடுத்து, உறையவைத்து, காயவைத்து, நிறுத்துப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பாலைக் குறை சொல்வதற்கு முன்னால் மிதவையைப் பார்ப்போம். கிளப்பில் யாரும் அதைச் செய்யவே இல்லை. அவர்களுக்கு அண்ணன்தான் மிதவை. அவரைச் சந்தேகப்பட எனக்கும் அப்போது தோன்றவில்லை என்பதே உண்மை. மனுஷர் கை எப்படியும் கொஞ்சம் ஆடும், ஆடாமல் சுட்டுப் பார்ப்போமே என்றுதான் நினைத்தேன்.

ரேஞ்சைப் பார்த்துக்கொண்டவர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். மாமா என்கிற மாதிரி, பாக்சிக் என்று கூப்பிடுவோம். புதன்கிழமை சாயங்காலம் அவர் மணல் மூட்டைகளை அடுக்கி, துப்பாக்கியை அதில் புதைத்தாற்போல் வைத்து, மேலே ஒரு டெலஸ்கோப் மாட்டிக் கொடுத்தார். அண்ணன் தன் காடியில், காரைத்தான் அப்படிச் சொல்வோம், என்னை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். நான் சுடுகிறேன் என்றதும் சிரித்தார்.

"நீ சுட்டா ஆகாயத்துல போற காக்காதான் விழும்."

"விழுந்தா உங்களுக்குத்தான் கொழம்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மூட்டை பிடித்துக்கொள்கிறது, டெலஸ்கோப் காட்டுகிறது, நான் செய்தது விசையைத் தொட்டது மட்டும்தான். ஐந்து தோட்டா. பாக்சிக் அட்டையைக் கொண்டுவந்து, தன் பையிலிருந்து ஒரு இருபது காசை எடுத்து ஓட்டைகள் மேல் வைத்தார். எல்லா ஓட்டைகளும் மறைந்துபோயின. "பாகுஸ்!" என்று மெச்சி என் முதுகில் தட்டினார். இன்னும் இரண்டு அட்டை சுட்டேன். அதே மாதிரி. பழைய பேரலை மாட்டிச் சுட்டேன். காசு போதவில்லை.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். முதலாளி எப்படிக் குதிப்பார் என்று நினைத்துக்கொண்டே அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை. கீழே கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

காடியில் ஏறின பிறகுதான் வாயைத் திறந்தார். பேரல் நுனியில் ஒரு சின்னக் குறி நிற்கும், டெலஸ்கோப் இல்லாமல் சுடுகிறவர்கள் அதை வைத்துத்தான் குறிபார்க்க வேண்டும். பழைய பேரல் நீளம், குறி தள்ளி நின்றது, ஏதோ தெரிந்தது. குட்டைப் பேரலில் அது கண்ணுக்குக் கிட்டே வந்துவிட்டது. கிட்டே இருப்பது அவருக்கு ஒரேயடியாக மங்கிவிட்டது.

"கண்ணாடி போட்டாச் சரியாப்போகும்லா அண்ணே. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே."

"கண்ணாடி இல்ல பாப்பா. இனிப்பு நீரு. டிரஸர் போன வருஷமே சொன்னாரு. சில நாளு தூரமும் மங்குது."

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரஸர் சொல்லி ஒரு வருஷம். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தினம் காப்பியில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அறிவிருக்கா உங்களுக்கு? இந்தக் கண்ண வச்சிக்கிட்டா பால் லோரிய மெயின் ரோட்டுல ஓட்டுறீங்க?" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "பேரல் கோளாறுன்னு சொல்லிடு. மொதலாளி திருப்பி அனுப்பிடுவாரு, அவருக்கும் நட்டமில்ல. பழைய பேரல்ல நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குவேன். கண்ணு தெரியலன்னு வெளிய வந்துச்சுன்னா மானேஜர் லோரி குடுப்பானா? லோரி இல்லன்னா வீடு ஏது?"

அந்த நாலு நாளும் எனக்கு நரகம். பொய் சொன்னால் பேரல் கப்பலேறிப் போகும், வேறு ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு. அண்ணன் லோரி பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் குருண் கடைத்தெரு வழியாகப் போகும் என்று இன்னொரு மனசு. அண்ணியிடம் சொல்லவும் முடியவில்லை. சீனி டப்பாவை மட்டும் எடுத்து மேல்தட்டில் ஒளித்துவைத்தேன். பிள்ளைகள் என்னைக் கஞ்சப்பிசினாறி என்றார்கள்.

ஞாயிறு சாயங்காலம் கிளப்பில் எல்லாரும் கூடினார்கள். முதலாளி எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார். "சொல்லு தங்கச்சி."

"பேரல் முதல் தரம் முதலாளி. ஒரு கோளாறும் இல்ல" என்று சொல்லி மூன்று அட்டையையும் மேசையில் வைத்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாகிவிட்டது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "பார்த்தீங்களாடா!" என்று எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, துப்பாக்கியை எடுத்து நேராக அண்ணன் கையில் வைத்தார். "இனிமே இதுலதான் சுடணும் தம்பி. அணியில உன் பேருதான்." பிறகு அவருக்கே சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார். "அப்ப அண்ணன் சுட்டா மட்டும் ஏன்மா செதறுது?"

"என்கிட்ட பேரலத்தான் குடுத்தீங்க. அத நான் பார்த்துட்டேன்" என்றேன். அதற்கு மேல் என் வாயிலிருந்து வராது என்று முடிவு செய்திருந்தேன். அண்ணன் ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளட்டும், காய்ச்சல், தோள் வலி, எதையாவது சொல்லட்டும் என்று உள்ளுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பத்திரமாக மேசையில் வைத்தார். "எனக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு மொதலாளி. இந்தக் குறி எனக்குத் தெரியல. வேற ஆள அனுப்புங்க."

முதலாளிதான் தட்டுத் தடுமாறி, "அதுக்கென்ன தம்பி, பழைய பேரலயே மாட்டிக்கலாம். நீ போ. இது கெடக்கட்டும்" என்றார். அவ்வளவு பாடுபட்டு வாங்கியதைக் கிடக்கட்டும் என்று சொன்னார், அதற்காக இன்றைக்கும் அவர் மேல் எனக்கு மரியாதை. அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பாக்சிக் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தார்.

காடியை அண்ணன்தான் எடுத்தார். இருட்டத் தொடங்கியிருந்தது. என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தேன். பாக்கார் ஆராங் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"எதுத்தாப்புல வர்ற வெளிச்சமெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. நீ ஓட்டு."

"அண்ணே..."

"லைசன்ஸ் வச்சிருக்கேல்ல? ஓட்டு. நாளைக்குக் காலையில மானேஜர்கிட்ட லோரி சாவியக் குடுத்துடறேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க போற ரோடு அது."

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். காடி இரண்டு தடவை குதித்து நின்றது. மூன்றாம் தடவை கிளம்பியது. எதிரே ஒவ்வொரு லோரி வரும்போதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனின் வலது கால் பிரேக் இல்லாத வெறும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் எனக்கும் ரோடு தெரியாது என்று குருண் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.