காணவில்லை என்று போடாத போஸ்டர்

1. கை ஓடணும்

தல்லாகுளத்தில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபத்தேழு வருஷம் டிடிபி ஆபரேட்டராக இருந்தேன். கழுத்து எலும்பு தேய்ந்துபோய், டாக்டர் இனி கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கூடாது என்று சொன்னபிறகு வேலையை விட்டேன். இப்போது இந்தத் தொழிலில் இருக்கும் பெண்கள் சிலர், "அக்கா, உங்க அனுபவத்தை எழுதுங்க, எங்களுக்கு உதவும்" என்கிறார்கள். உதவுமா என்று தெரியவில்லை. செய்த வேலையில் பாதி மறந்துவிட்டது. செய்த தப்பு மட்டும் மறக்கவில்லை. அதனால் அதையே எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஓனர் என்னிடம் ஒரு கட்டு பழைய போஸ்டர்களைத் தூக்கிப் போட்டார். எல்லாம் கண்ணீர் அஞ்சலி.

"கல்யாணப் பத்திரிகைக்கு நாள் இருக்கும்மா. சாவுக்கு நாள் கிடையாது. போட்டோவக் குடுத்துட்டு வாசல்லயே நிப்பாங்க. நீ யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது. பழைய ஃபைலைத் திற, மூஞ்சிய மாத்து, பேர மாத்து, பிளேட்டுக்கு அனுப்பு. கை ஓடணும்."

அப்படித்தான் ஓட்டினேன். நடுவில் முட்டை வடிவில் போட்டோ, இரண்டு பக்கமும் விளக்கு, சுற்றிலும் கறுப்பு பார்டர், கீழே துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். இதற்கு நடுவே நாலு வரி மேட்டர். மேட்டர் எப்போதும் இறந்தவரிடமே பேசும். 'அண்ணே! எங்களைத் தவிக்கவிட்டு எங்கே போனாய்?' 'அம்மா! உன் குரல் கேட்காமல் விடியவில்லையே!' யாரும் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மதுரைச் சுவரில் செத்தவரிடம் நேராகத்தான் பேசுவார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர் போஸ்டரை முழுசாகப் படிப்பதும் இல்லை. முகத்தைப் பார்ப்பார், கறுப்பு பார்டரைப் பார்ப்பார், 'அண்ணே' என்ற கூப்பாட்டைப் பார்ப்பார். யாரோ போய்விட்டார் என்று புரிந்துகொண்டு பஸ் ஏறிவிடுவார்.

2. மேல் கமா

ஒரு தடவை ஒரு காலேஜிலிருந்து இங்கிலீஷ் டீச்சர் வந்தார். மகளிர் தின விழாவுக்கு இங்கிலீஷில் பேனர். நான் அடித்த புரூஃபைப் பார்த்துவிட்டு, "எஸ்ஸுக்கு முன்னாடி மேல ஒரு புள்ளி தொங்கணுமே, அது எங்கம்மா?" என்று கேட்டார்.

"மேல் கமாவா மேடம்? அது அழகுக்குன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷி, திட்டவில்லை. "அதுக்குப் பேரு அபாஸ்ட்ரபி" என்றார். நான் திருத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த ஒரு அஞ்சலி போஸ்டரை எடுத்து வாசித்தார். அதில் ஒரு மனைவி தன் புருஷனிடம் பேசுவதுபோல நான் எழுதியிருந்த வரிகள் இருந்தன.

"இது யார் எழுதுனது?"

"நான்தான் மேடம். யாராவது எழுதித்தானே ஆகணும்."

"கண்ணு முன்னாடி இல்லாதவங்களை, செத்துப்போனவங்களைக் கூப்பிட்டுப் பேசுறது கவிதையில ஒரு உத்தி. அதுக்கும் இங்கிலீஷ்ல அபாஸ்ட்ரபின்னுதான் பேரு. நீங்க ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

அத்தனை வருஷத்தில் என் மேட்டரை யாரும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. பேர் சரியாக இருக்கிறதா, போட்டோ கலராக வருமா, எப்போது கிடைக்கும், இவ்வளவுதான் கேட்பார்கள். துக்கத்தில் இருப்பவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

3. தமிழரசி

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலையில் வில்லாபுரத்திலிருந்து தமிழரசி என்று ஒரு பெண் வந்தாள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறவள். கையில் அப்பாவின் போட்டோ. முதல் நாள் காலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. எழுபத்து மூன்று வயது, மறதி நோய், சர்க்கரையும் உண்டு. ஸ்டேஷனில் புகார் கொடுத்தாகிவிட்டது, ஆஸ்பத்திரிகளில் பார்த்தாகிவிட்டது. ஒரு காலத்தில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர் என்பதால் அங்கேயும் ஒரு நடை தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"வாட்ஸ்ஆப்ல போடலையாம்மா?" என்றேன்.

"எல்லா குரூப்லயும் போட்டாச்சுக்கா. ஆனா அப்பா செல்போனா பாப்பாக? சுவத்துல இருக்கறத வாசிப்பாக. கடைப் போர்டு, பஸ் போர்டு எதையும் விடமாட்டாக, வாய்விட்டு வாசிச்சுக்கிட்டே நடப்பாக. அவுக வாசிக்கிற மாதிரி போடுங்கக்கா. வீட்டுக்கு வாங்கப்பான்னு போடுங்க." சொல்லும்போதே அழுதாள். "நேத்துக் காலையில வேட்டிய ரெண்டு தடவை நனைச்சுட்டாக. நான் கத்திட்டேன்க்கா. எங்கிட்டாவது போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன். செருப்புகூட போடாம கெளம்பிப் போயிட்டாக."

எனக்கும் கண் கலங்கியது. ஓனர் ஊரில் இல்லை. மெஷினில் பேப்பர் ஏற்றிவிட்டு, "மேட்டர் ரெடியாக்கா?" என்று மெஷின்மேன் கத்திக்கொண்டிருந்தார். பிரஸ்ஸில் 'காணவில்லை' அடித்த ஃபைல் ஒன்று இருந்திருக்கும், தேடவேண்டும். என் கை தேடவில்லை. கடைசியாகச் செய்த அஞ்சலி ஃபைலைத் திறந்தது. முகத்தை மாற்றினேன். விளக்கை எடுத்தேன், தேதிகளை எடுத்தேன். பார்டரை எடுக்கத் தோன்றவில்லை. ஒரே கலர், கறுப்பு. அதுதான் சீக்கிரம் ஓடும்.

மேட்டரை மட்டும் நின்று நிதானமாக எழுதினேன். 'அப்பா! நான் கோபமாகப் பேசியது தப்பு. வீட்டுக்கு வாங்க.' அந்தக் கடைசி வரியைப் பெரிதாக்கினேன். 'காணவில்லை' என்ற தலைப்பு அந்த வரியின் அழகைக் கெடுப்பதுபோல இருந்தது. எடுத்துவிட்டேன். போன் நம்பர், துக்கப்படுகிறவர்களின் பெயர் வருகிற இடத்தில், அதே பொடி எழுத்தில் உட்கார்ந்தது.

எங்கள் பிரஸ்ஸில் புரூஃபில் பார்ட்டி கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் பிளேட் போடுவோம். தமிழரசி அந்தக் கடைசி வரியை விரலால் தடவிப் பார்த்தாள். "நான் பேசுற மாதிரியே இருக்குக்கா" என்று கையெழுத்துப் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

4. எப்போது எடுக்கிறீர்கள்

வியாழன் காலையில் போஸ்டர் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை நான் பிரஸ்ஸுக்குள் நுழையும்போதே போன் அடித்தது. தமிழரசி.

"அக்கா, நேத்துல இருந்து போன் வந்துக்கிட்டே இருக்குக்கா. எல்லாரும் எப்பம்மா எடுக்குறீங்கன்னு கேக்குறாக. எங்க பெரியப்பா மக்க மாலையோட வாசல்ல வந்து நிக்கிறாகக்கா. பந்தல் போடலையான்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

போனை வைத்துவிட்டு ஒரு போஸ்டரை எடுத்து எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தேன். வாசலுக்கு வெளியே போய், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி அரை நொடி பார்த்தேன். ஒரு சாவு போஸ்டர் அங்கே இருந்தது.

ஊரிலிருந்து திரும்பியிருந்த ஓனரும் பார்த்தார்.

"என்னம்மா இது? போஸ்டர்ல ஆளக் கூப்பிட்டா, ஆளு இல்லன்னுதான ஊருக்கு அர்த்தம்? இம்புட்டு வருஷமா இதத்தான அடிக்கிற?"

"அவரு வாசிப்பாருன்னு சொன்னாங்கண்ணே."

"அவரு ஒருத்தரு வாசிப்பாரு. மிச்ச ஊரு? அவரத் தேட வேண்டிய அம்புட்டுப் பேரையும் நீ துக்கத்துக்குக் கூட்டிட்ட." பிறகு குரலைத் தாழ்த்தினார். "புரூஃப்ல கையெழுத்து இருக்குல்ல? அப்ப நம்ம மேல தப்பில்ல."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது எதுவும் ஏறவில்லை. அழுதுகொண்டிருக்கும் பெண்ணிடம் வாங்கிய கையெழுத்து எதற்கு ஆகும்? பழைய ஃபைல் எதையும் திறக்காமல் வெற்றுப் பக்கத்தில் அடித்தேன். மேலே 'காணவில்லை'. கீழே போட்டோ, பெயர், உயரம், நீலக் கட்டம் போட்ட சட்டை, செருப்பு இல்லை, மறதி நோய் உள்ளவர். பாதி போஸ்டருக்குப் போன் நம்பர். அதில் யாரையும் கூப்பிடவில்லை. மதியத்துக்குள் ஓடி முடிந்தது. ஒட்டுகிற ஆளிடம் ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கட்டை நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தமிழரசியை மாட்டுத்தாவணிக்கு வரச் சொன்னேன்.

5. மாட்டுத்தாவணி

பஸ் ஸ்டாண்டிலிருந்து பூ மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் ஒரு சுவர். அதில் என் பழைய போஸ்டர் வரிசையாக ஒட்டியிருந்தது. அதன் மேலேயே புதுசை ஒட்டலாம் என்று தமிழரசி பசையைத் தடவியபோது, பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன தாயி, காணவில்லைன்னு போட்டிருக்கு? அவரு தவறிட்டாருல்ல?"

"இல்லம்மா. அவரத்தான் தேடுறோம்."

அந்த அம்மா போஸ்டரை உற்றுப் பார்த்தார். "அடக் கடவுளே. இதே சாடையில ஒருத்தரு நேத்துல இருந்து இந்தச் சுவத்துக்கிட்டயே நிக்கிறாரு. போஸ்டரப் பாத்து வாரேன் தாயி, வாரேன் தாயின்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. செத்தவருக்குக் கூடப்பொறந்தவரு போல, துக்கத்துல பொலம்புறாருன்னு நெனச்சு நாங்கதான் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தோம். போன் பண்ணணும்னு தோணலையேம்மா. துக்க வீட்டுக்குப் போன் பண்ணி என்னத்தச் சொல்ல?"

"இப்ப எங்கம்மா?" என்றாள் தமிழரசி.

"கால்ல புண்ணு. நடக்க முடியாம அந்தா, சாக்கு அடுக்கியிருக்குல்ல, அங்கனதான் ஒக்காந்திருந்தாரு."

அங்கேதான் இருந்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரு பாதம் வீங்கி ஈ மொய்த்தது. தமிழரசி ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. பேருக்குத் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, சுவரைக் கைகாட்டி மெதுவாகச் சொன்னார்.

"யாரோ ஒரு புள்ள அவுக அப்பாவக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு. பாவமா இருந்துச்சு. நானும் வாரேன் வாரேன்னு சொல்றேன். எங்கிட்டுப் போகணும்னுதான் போடல."

ஆமாம், போடவில்லை. கூப்பிடத் தெரிந்த எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்து, அவர்களைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

6. புரூஃப்

ஆஸ்பத்திரியில் அவர் பாதத்தில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஒரு நாள் முன்னால் கொண்டு வந்திருந்தால் தேவைப்பட்டிருக்காது என்று டாக்டர் சொன்னதைத் தமிழரசி என்னிடம் மறைத்துவிட்டாள், வேறு ஆள் மூலம்தான் தெரிந்தது. அதன்பிறகு நான் மாசத்துக்கு ஒரு தடவை வில்லாபுரம் போவேன். என்னைப் பார்த்தால் பெரியவர் ஒவ்வொரு தடவையும் புதுசாக, "வாங்க தாயி, யாரு நீங்க?" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவள் என்று சொல்வேன்.

பெண்களே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மேட்டர் அடிக்கும் முன் அது யாரிடம் பேசவேண்டும் என்று கேளுங்கள். ஊரிடமா, அந்த ஆளிடமா? அடித்தபிறகு எழுந்து போய்த் தெருவில் நின்று பாருங்கள். ஸ்கிரீனில் பார்க்காதீர்கள். அவசரத்தில் கை தானாக ஓடும்போது அதை நம்பாதீர்கள். நான் இதைத் தெரிந்துகொண்டது இன்னொருவர் காலில்.

வேலையை விடுவதற்குச் சில நாள் முன்னால் தமிழரசி மறுபடி பிரஸ்ஸுக்கு வந்தாள். கையில் அதே போட்டோ. அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன்.

"வேற யார்கிட்டயாவது குடுக்கலாமேம்மா. நான் எழுதணுமா?"

"நீங்கதான்க்கா எழுதணும். இப்ப அப்பாகிட்டப் பேசலாம்ல?"

"என்ன போடட்டும்?"

ஒரே வரி சொன்னாள். 'அப்பா! போயிட்டு வாங்க.'

அதையே பெரிதாகப் போட்டேன். வேறு மேட்டர் எழுதவில்லை. கழுத்து வலித்தது, எழுந்து தெருவுக்குப் போய் நின்று பார்த்தேன், சரியாக இருந்தது. புரூஃபை அவளிடம் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு என்றேன். அவள் அவளுடைய அப்பா மாதிரியே வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரைக்கும் படித்துவிட்டு, கீழே ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அங்கே பெரிய எழுத்தில் அவள் போன் நம்பர் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எந்தப் போஸ்டராக இருந்தாலும் என் கை அதைப் பெரிதாகப் போட்டுவிடும்.

"இதுக்கு நம்பர் வேணாம்க்கா" என்றாள்.

நான் அதை எடுத்துவிட்டேன்.