தோற்றவர்களைப் பற்றியே பேச்சு

அந்த வருடம் என் கணவர் படித்த கல்லூரியின் உதைபந்தாட்ட அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. மூன்றாவதில் நான்கு கோல் வாங்கி, ஒன்றுகூடப் போடாமல் தோற்றது. வென்ற வருடங்களில் அவரும் கூட்டாளிகளும் மைதான வாசலிலேயே கைகொடுத்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். தோற்கத் தொடங்கினால்தான் இருந்து கதைக்க வேண்டிவரும். எங்கள் வீடு மைதானத்துக்குப் பின் ஒழுங்கையில் இருப்பதால், சனிக்கிழமைப் பின்னேரங்களில் அந்தக் கதை எங்கள் முற்றத்துக்கு வந்துசேரும்.

வழக்கமாகக் கூடுபவர்கள் மூவர். நெல்லியடியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் என் கணவர், வங்கியில் வேலை செய்யும் எங்கள் அயல்வீட்டுக்காரர், ஓட்டோ ஓடும் இன்னொருவர். மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நாலாமவர் கனடாவில் இருந்தார். அவரைக் கைத்தொலைபேசியில் எடுத்து, குரோட்டன் சாடியில் சாத்தி வைத்துவிடுவார்கள். அவருக்கு அங்கே காலை நேரம். பாண் சாப்பிட்டபடி, ஆடுகிற பெடியளுக்குச் சத்தான சாப்பாடு காணாது என்பார்.

வங்கிக்காரர் பயிற்றுநரைப் பிழை சொல்வார். எல்லாரையும் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு எப்படிக் கோல் போடுவது என்பது அவருடைய கேள்வி. ஓட்டோக்காரருக்குப் பெடியள்மேல்தான் கோபம். இரண்டாவது பாதியில் ஒருவனுக்கும் ஓட மூச்சில்லை, முழுநேரமும் போனும் கையும் என்பார். என் கணவர் இரண்டு பேரையும் மறுத்து, இடது காலால் அடிக்கிற ஒரு பெடியனை வலது பக்கத்தில் விட்டிருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நிறுவுவார். தேநீர்க் கோப்பைகளை எடுத்து ஸ்டூலில் பரப்பி, இது அவன், இது அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவன் என்று காட்டுவார். அந்தப் பெடியன் எப்படித் திரும்புவான், பந்து வரும்போது எந்தத் தோளைச் சாய்ப்பான் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் மகளும் உதைபந்து ஆடுகிறாள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. பக்கத்துப் பெண்கள் கல்லூரியின் அணியில் பின்வரிசையில், நடுவில் நிற்பவள். அந்த வருடம் அதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் வென்றிருந்தார்கள். ஒரு கோல்கூட வாங்கியிருக்கவில்லை. ஆட்டங்கள் வேலைநாட்களில், வெயில் தணியாத நேரத்தில் நடக்கும். ஒருமுறை கரவெட்டியில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கத்து ஆசிரியைகள், பிள்ளைகளை ஏற்றிவந்த வான்காரர்கள், ஓர் ஐஸ்கிறீம் வண்டிக்காரன், நான். அவ்வளவுதான் கூட்டம்.

பெடியள் மூன்றாவது தடவை தோற்ற வாரம், வெள்ளிக்கிழமை மகளின் அணி வென்றிருந்தது. சனிக்கிழமைப் பின்னேரம் முற்றத்தில் வாதம் நடந்துகொண்டிருந்தபோது மகள் ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்தாள். வங்கிக்காரர் தலையை நிமிர்த்தி, நேற்றைய ஆட்டம் என்ன மாதிரி என்று கேட்டார்.

“வெண்டிட்டம், மாமா.”

“கெட்டிக்காரி,” என்றார். பிறகு என் கணவரின் பக்கம் திரும்பி, அந்த இரண்டாவது கோலுக்கு யார் பொறுப்பு என்ற கதையைத் தொடர்ந்தார்.

அந்த ஒற்றைச் சொல் என்னை எரித்தது. தோற்றவர்களுக்கு ஒரு பின்னேரம் முழுவதும், வென்றவளுக்கு ஒரு சொல். மகள் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே போய் முகம் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். நான்தான் குசினிக்குள் நின்று, வெளியே கேட்கிற ஒவ்வொரு பெயரையும் வயிற்றெரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ பெற்ற பிள்ளைகள். அவர்களுடைய காலைப் பற்றி, தோளைப் பற்றி, மூச்சைப் பற்றி என் வீட்டு முற்றத்தில் பேச்சு. என் பிள்ளை எந்தக் காலால் அடிக்கிறவள் என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. அது வேறு கதை.

அலுவலகத்திலும் அதே பேச்சுத்தான். பேப்பரில் பெடியளின் தோல்விக்கு அரைப் பக்கம், படத்தோடு. பெண்பிள்ளைகளின் வெற்றி ஒரு பரிசளிப்பு விழாச் செய்திக்குக் கீழே நாலு வரியில் கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன்.

அந்தக் கிழமையே நெல்லியடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பெடியளின் அணியில் கோல் காக்கிறவனின் தாயைக் கண்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவ. முகம் வாடிப்போயிருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டா.

“கடை கண்ணிக்குப் போகேலாமல் கிடக்கு, தங்கச்சி. போற இடமெல்லாம் இவன்ரை கதைதான். ஏன் வெளியிலை வந்தவன், ஏன் வராமல் நிண்டவன் எண்டு. கோயிலிலை கூட ஒராள் மறிச்சுக் கேட்டது. பெடியன் ஒழுங்காச் சாப்பிடுறானில்லை.”

“ரெண்டு கிழமைக்குத்தான் அக்கா. பிறகு எல்லாரும் மறந்திடுவினம்,” என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேனே தவிர, மனம் அவவின் பக்கம் போகவில்லை. கோயிலில்கூட மறித்துக் கேட்டார்கள் என்றா. என் மகளைப் பற்றி என்னை ஒருவரும் எங்கேயும் மறித்துக் கேட்டதில்லை. கண் கலங்கி நின்ற அந்த மனுசியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது ஆறவில்லை.

நாலாவது ஆட்டத்திலும் தோற்றுப் பெடியள் சுற்றுப்போட்டியை விட்டு வெளியேறினார்கள். அந்தச் சனிக்கிழமை முற்றத்தில் நல்ல கூட்டம். கனடாக்காரர் பயிற்றுநரை மாற்றச் சொன்னார். மற்றவர்கள் யாரைக் கொண்டுவருவது என்று பட்டியல் போட்டார்கள். நான் தேநீர்த் தட்டோடு வந்து, அதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“வாற சனி பிள்ளையின்ரை அரையிறுதி. திருநெல்வேலிப் பக்கம் நடக்குது. உங்களுக்கும் இனிப் பார்க்க ஒரு மட்சும் இல்லை. எல்லாரும் வாங்கோ.”

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் சனிக்கிழமை கடையில் சாமான் இறக்க வேண்டும் என்று இழுத்தார். இத்தனை சனிக்கிழமையும் யார் இறக்கியது என்று கேட்டேன். ஓட்டோக்காரர் சிரித்துவிட்டு, தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்.

போனோம். மகள் விடியவே கல்லூரி வானில் போய்விட்டாள். பருத்தித்துறை வீதியில், புத்தூர் தாண்டும்வரை இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மூன்று ஆண்களும் வழியெல்லாம் பெடியளைப் பற்றியே கதைத்தார்கள். நான் மூலையில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

முதல் பாதியை அவர்கள் தெரியாத வீட்டுக் கலியாணத்துக்குப் போனவர்களைப்போல மரியாதையாகப் பார்த்தார்கள். நல்ல பந்துக்குக் கை தட்டினார்கள். வங்கிக்காரர் இடையிடையே போனைப் பார்த்தார். இடைவேளைக்குச் சற்று முன், எதிரணிப் பிள்ளை ஒருத்தி தனியாகப் பந்தைக் கொண்டு ஓடிவர, எங்கள் பக்கத்தில் ஒருத்தி குறுக்கே சறுக்கிப் பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பினாள். வங்கிக்காரர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

“உந்த ஆறாம் நம்பர் ஆர் மச்சான்? பின்வரிசைக்கு நல்ல பக் ஒண்டு.”

“அது எங்கடை பிள்ளையடா,” என்றார் என் கணவர்.

எத்தனையோ வருடமாக எங்கள் முற்றத்தில் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கிற மனிதர். தலைமயிரை உச்சியில் முடிந்துகட்டி, காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டிருந்தவளை வங்கிக்காரருக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குப் பிறகு மூன்று பேரும் கம்பி வேலியோரம் போய் நின்றுகொண்டார்கள்.

இரண்டாவது பாதியில் அது நடந்தது. எதிரணி நடுவிலிருந்து நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டது. மகள் பின்னுக்கு ஓடாமல் அப்படியே நின்று கையை உயர்த்தினாள். ஓப்சைட், அந்தப் பந்து செல்லாது என்று கேட்கிறாள். கோட்டோரம் நின்றவர் கொடியைத் தூக்கவில்லை. எதிரணியின் முன்வரிசைப் பிள்ளை, நல்ல வேகக்காரி, ஓடிப்போய்ப் பந்தை வலைக்குள் தள்ளிவிட்டாள். அந்த வருடம் அவர்கள் வாங்கிய முதல் கோல் அதுதான். அந்த ஒரு கோலோடு தோற்றுப்போனார்கள்.

மகள் முகத்தை ஜேர்சியால் மூடிக்கொண்டு புல்லில் இருந்தாள். போக நினைத்தேன். ஆசிரியை அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டு போனா.

திரும்பிவரும்போது ஓட்டோவுக்குள் ஒரே இரைச்சல். வங்கிக்காரர், கையைத் தூக்கிய நேரத்துக்கு ஓடியிருக்கலாம் என்றார். ஓட்டோக்காரர், கோல் காக்கிறவள் வெளியே வந்திருக்க வேண்டும் என்று வீதியைப் பார்க்காமல் பின்னுக்குத் திரும்பிச் சொன்னார். என் கணவர், அவளுக்கு வலப்பக்கம் நின்றவள் பின்னுக்கே நின்றுவிட்டாள், அதனால்தான் கொடி எழும்பவில்லை என்று மற்ற இரண்டு பேரையும் வாய் திறக்க விடவில்லை. புத்தூரில் சோடா குடிக்க நிறுத்தினார்கள். கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் போத்தல்களை வைத்து, இது பிள்ளை, இது மற்றவள் என்று நகர்த்தினார்கள். என் மகள் ஒரு சோடாப் போத்தலாக அந்த வாங்கில் நின்றாள். அவள் தோற்ற நாளில் எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிறைவு. சந்தையில் கண்ட மனுசியோடு இப்போது நானும் சமம்.

எங்களுக்குப் பிறகுதான் மகள் வந்து சேர்ந்தாள். கண் வீங்கியிருந்தது. ஒருவரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய்ச் சப்பாத்தைக் கழுவத் தொடங்கினாள். முற்றத்தில் குரல்கள் தணிந்தன. வங்கிக்காரருக்கு மட்டும் பொறுக்கவில்லை. எழும்பி நின்று, கிணற்றடிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டார்.

“பிள்ளை, நீர் அந்தக் கையைத் தூக்கினதுதான் பிழை.”

அவள் அழப்போகிறாள் என்று நான் குசினியிலிருந்து வெளியே வந்தேன். அவள் சப்பாத்தைக் கீழே போட்டுவிட்டு ஈரக் கையோடு முற்றத்துக்கு வந்தாள்.

“இல்லை மாமா. நான் கையைத் தூக்காட்டிலும் அவளைப் பிடிச்சிருக்கேலாது. அவள் என்னைவிட வேகம், அது எனக்குத் தெரியும். அதாலைதான் நாங்கள் எல்லாரும் ஒண்டாய் மேலை ஏறி நிக்கிறனாங்கள். வலப்பக்கம் நிண்டவ ஏற மறந்திட்டா.”

“இதைத்தான் நான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தனான்,” என்றார் என் கணவர்.

“அப்பா சொல்லுறதும் முழுக்கச் சரியில்லை. அவவைக் கூப்பிட்டு ஏத்த வேண்டியது நான். நான் கூப்பிட்டது காணாது.”

என் கணவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, குரோட்டன் சாடியில் இருந்த போனையும் தன் பக்கம் திருப்பி வைத்தாள். எப்போது கூப்பிடுவது, எப்போது ஏறுவது, காற்று எதிரே அடித்தால் குரல் கேட்குமா என்றெல்லாம் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். அப்படி அவள் வீட்டில் கதைத்து நான் கேட்டதில்லை.

எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நானும் பார்த்தேன்தானே.

“அந்த ஓடிப்போன பிள்ளை முதலே உனக்குப் பின்னாலைதானே நிண்டவ?” என்று கேட்டேன்.

எல்லாரும் நிறுத்தினார்கள். மகள் பொறுமையாகத்தான் சொன்னாள்.

“அம்மா, அது உங்களுக்கு விளங்காது.”

பிறகு தொடர்ந்தார்கள்.

அன்றிலிருந்து அப்பனும் மகளும் ஒரு கட்சி. சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருமாக எங்கேயாவது ஒரு மைதானத்துக்குப் போவார்கள். ஹெல்மெட்டுக்குள்ளால் கத்திக் கதைத்துக்கொண்டே படலைக்குள் வருவார்கள். சாப்பாட்டு மேசையிலும் அதுதான். நான் கறியை வைத்தால் கையை மட்டும் நீட்டுவார்கள். ஆசைப்பட்டுக் கேட்டது நான், இழுத்துக்கொண்டு போனது நான், கிடைத்ததோ அவருக்கு. பெடியள்மேல் இருந்த எரிச்சல் எப்போது ஆறியது என்று தெரியாது. அது என் கணவர்மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ஓப்சைட் என்றால் என்ன என்று அலுவலக இடைவேளையில் போனில் தேடிப் பார்த்தேன். தடுக்கிறவர்கள் எல்லாரையும் தாண்டி நிற்கிறவளுக்குப் பந்து போட்டால் செல்லாது, ஒருத்தி பின்னுக்கு நின்றுவிட்டாலும் செல்லும் என்பது படத்தில் விளங்கியது, மைதானத்தில் மறந்துபோனது.

அடுத்த வருடம் மகளை மாகாண அணிக்கு எடுத்தார்கள். வேறொரு மாவட்டத்தில் தங்கிப் பயிற்சி. பின்னேரம் ஆறு மணியளவில் அவரின் போனுக்குத்தான் எடுப்பாள். அவர் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தபடி, “ஓம், ஓம், பிறகு?” என்பார். அவர் பக்கத்துக் கதை மட்டும் எனக்குக் கேட்கும். கடைசியில் போனை என்னிடம் தருவார். சாப்பிட்டியா என்று நான் கேட்பேன். ஓம் என்பாள். அத்தோடு முடிந்துவிடும்.

ஒருநாள், சாப்பாட்டை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

“இண்டைக்கு உனக்கு வலப்பக்கம் ஆர் நிண்டது?”

சொல்லத் தொடங்கினாள். மன்னாரில் இருந்து வந்த ஒரு பிள்ளையாம். உயரமாம், ஆனால் திரும்பப் பிந்துவாளாம். அதனால் இவள் ஓரடி பின்னுக்கு நிற்க வேண்டியிருக்காம். பாதிதான் எனக்கு விளங்கியது. “பிறகு?” என்றேன். மேலும் சொன்னாள். என் கணவர் பக்கத்தில் வந்து நின்று, தரச்சொல்லிக் கையை நீட்டினார். தான் கேட்க மறந்த ஒன்று இருக்கிறதாம். நான் மறுபக்கம் திரும்பி நின்று, போனை இன்னும் இறுக்கிக் காதோடு வைத்துக்கொண்டேன்.